நாலாம் டேங்கின் பில்

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி முடிந்த பிறகும் டெபோரா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. திரையில், நாலாம் டேங்குக்கு நேராக ஒரு தொகை நின்றது. அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

எண்ணூர் சாலையில் இருந்த அந்தப் பாமாயில் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு யாருக்கும் சும்மா வேலை செய்வதில்லை. மற்ற பிரிவுகளின் பதிவுகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்தும். அவை பிடிக்கும் இடத்துக்கு மாதாமாதம் அந்தந்தப் பிரிவுக்கே பில் போடும். பில் போடுவது டெபோராவின் வேலை.

பாதுகாப்புப் பிரிவுக்காகச் சேமிப்பது டேங்க் மைக்குகளின் பதிவை. கழுவுகிறவன் டேங்குக்குள் தனியாகத்தான் இருப்பான், இடுப்பில் கயிற்றோடு. வெளியே கயிற்றைப் பிடித்திருப்பவன் அடிக்கடி “யாரு?” என்று கேட்பான். உள்ளே இருப்பவன் தன் பேரைச் சொல்ல வேண்டும். பேர் வரவில்லையென்றால் இழுத்துவிடுவார்கள். குரல் கேட்டால் மட்டும், அதற்கு முந்தைய சில நிமிடங்களோடு சேர்த்து, மைக்கின் பதிவு சேமிக்கப்படும். ஆளில்லாத டேங்குக்குப் பில் வராது.

நாலாம் டேங்கில் தவக்காலத்தின்போது அம்புரோஸ் என்பவர் மூச்சு முட்டிச் செத்தார். அன்று மூடிய டேங்க்.

அவள் விசாரித்தபோது பாதுகாப்பு அதிகாரி அருள்பிரகாசம் போனில் எரிந்து விழுந்தார். ஆளே போகாத டேங்குக்கு எவன் பணம் கட்டுவான் என்றார். மூடியே இன்று காலையில்தான் கழற்றியிருக்கிறார்கள், மத்தியானம் உன் தம்பிதான் முதலில் போகிறான், வேண்டுமானால் அவனையே கேள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தம்பி நோயல். கேட்டரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான்.

பில் சரிதான் என்று காட்டப் பதிவு வேண்டும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழையதிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் இரும்புச் சுவருக்குள் காற்று அடங்கிக் கிடக்கும் நீண்ட ஓசை, அதற்கடியில் எங்கோ எண்ணெய் சொட்டுவதுபோல ஒன்று, பிறகு ஒரு கனத்த பொருள் தரையில் மெல்ல நகர்ந்து மைக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்பதுபோல, சிக்குவாடை அடிக்கும் ஒரு மூச்சு தன் காதிலேயே படுவதுபோல அவளுக்குத் தோன்றிய பிறகு, களைத்த ஓர் ஆண்குரல் சொன்னது:

“அம்புரோஸ்.”

“யாரு?” என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த பதிவிலும் அதே பேர். அதற்கடுத்ததிலும். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் அது காத்திருந்தது. கயிறு இழுபடும் என்று.

கடைசிப் பதிவு இன்று காலையுடையது. போல்ட்டுகள் கழலும் சத்தம். வெளியே கயிறு பிடிக்கும் சுப்புராயனின் குரல் தூரத்தில் கேட்டது: சோத்துக்கு அப்பறம் நோயலு போவான். பிறகு எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள்.

மைக்குக்கு மிக அருகில், மெதுவாக, அதே களைத்த குரல்.

“நோ... யல்.”

நிறுத்தம்.

“நோயல்.”

இரண்டாவது தடவை திருத்தமாக இருந்தது.

அவள் கூப்பிடக் கூப்பிட, தம்பியின் போன் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டே இருந்தது. டேங்க் பக்கம் போன் கூடாது. லாக்கரில் இருக்கும்.

அவள் ஓடினாள். வெயில். தார். பழைய எண்ணெயின் சிக்கு.

நாலாம் டேங்கின் அடியில் சுப்புராயன் கையில் கயிற்றோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா டெபோரா, தம்பிக்குச் சோறு ஊட்ட வந்துகினியா?”

“அவன் எங்கண்ணா?”

“சீக்கிரம் முடிச்சிட்டு வூட்டுக்குப் போணும்னு அப்பவே பூந்துட்டான். தோ, வரான் பாரு.”

சுவரின் வட்டத் துளையிலிருந்து முதலில் கையுறைகள் வந்தன. பிறகு முகமூடி போட்ட தலை. மஞ்சள் உடுப்பு. முதுகில் நோயலின் நம்பர். ஊர்ந்து வந்து, எழுந்து, அவள் முன்னால் நின்றான்.

டெபோரா கிட்டே போனாள். திட்டினாள். அழுதாள். அடுத்த மாசமே இந்த வேலையை விட்டுடணும், கேட்டரிங்குக்கே போ என்றாள். அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் அசையவில்லை. வெளியே வந்ததும் முகமூடியைப் பிய்த்தெறிந்து தண்ணீர் கேட்கிறவன். முகமூடியைத் தொடவே இல்லை.

சுப்புராயன் சிரிப்பை நிறுத்தியிருந்தார். தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு துளைக்குள் போயிருந்தது. விறைப்பாக. இவன் இடுப்பில் கயிறு இல்லை.

ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்த, டேங்க் மைக்கின் ஸ்பீக்கர் கரகரத்தது.

“நோயல்.” தம்பியின் குரல். மூச்சு வாங்கியது. “சுப்புண்ணா, இன்னா யாருன்னு கேக்கவே மாட்டேங்கிற? நோயல்ணா. இஸ்த்துவுடு. யக்கா குரலு கேக்குது. யக்கா...”

சுப்புராயன் இழுத்தார். உள்ளே இருந்து ஏதோ இழுத்தது. கயிறு அவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. துளைக்குள் மறைந்தது.

ஸ்பீக்கர் அடங்கியது.

தோளில் வைத்த கையை டெபோராவால் எடுக்க முடியவில்லை. உடுப்புக்குள் சூடே இல்லை. முகமூடியின் கண்ணாடியில் மூச்சு படியவில்லை. அதன் உட்புறத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது, மேலிருந்து கீழே, மெதுவாக.

டெபோரா கேட்டாள்.

“யாரு?”