நூற்று நாற்பத்தைந்து யார்டு

கோல்ஃப் மைதானத்து உணவுக்கூடத்தின் கண்ணாடி நொறுங்கியதற்கு நான்தான் காரணம். பந்தை அடித்தவர் டாக்டர். எந்த மட்டையால் அடிப்பது என்று வாய்கிழியச் சொன்னவன், அவர் பையைத் தூக்கும் நான்.

குழிக்கு நூற்று நாற்பத்தைந்து யார்டு. டாக்டரின் எட்டாம் நம்பர் மட்டை நூற்று நாற்பது போகும். ஏழாம் நம்பர் நூற்றைம்பது. "ஏழையே எடுங்க சார். ஓரங்குலம் இறக்கிப் பிடிங்க, அஞ்சு யார்டு குறையும்" என்று, எதிர்த்து ஆடிய அவருடைய மாப்பிள்ளைக்கும் கேட்கும்படி அறிவித்தேன். பந்து குழியைத் தாண்டி, சிமென்ட் பாதையில் எகிறி, உணவுக்கூடத்துக் கண்ணாடியை உடைத்து, உள்ளே சூப் குடித்துக்கொண்டிருந்த கிளப் செயலாளரிடம் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் தோற்றார். "இவன் பேச்சைக் கேட்டேன் பாருங்க" என்றார். நாளை முதல் வர வேண்டாம் என்றார் செயலாளர்.

மட்டைப் பையோடு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனேன். பட்டறை அக்கா எதற்கும் பதறாதவர்.

"பதினோரு வருஷத்துல தூரம் தப்புனதே இல்லக்கா."

"அழணும்னா தள்ளி நின்னு அழு. பசை காயுது."

ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் மேஜைமேல் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். "ஏழோட முகம் ஆறு மாதிரியே நிமிர்ந்து நிக்குது பாரு. முகம் நிமிர நிமிர பந்து தூரம் போகும். யாரோ மட்டையோட கழுத்தை வளைச்சிருக்காங்க. இது நூத்தறுபது போகும்."

"இங்கயா வளைச்சாங்க?"

"என் இடுக்கியில தோல் சுத்தியிருக்கு, தழும்பு விழாது. இதுல இடுக்கியோட பல் தடம் இருக்கு. வெளி வேலை."

"மாப்பிள்ளைதான்! மாமனாரைக் கவுக்க..."

"உக்காரு. பயிற்சிக்கு நீ போனியா?"

"ரெண்டு வாரமா மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும்தான். சாயங்காலம் மட்டைங்களைத் துடைச்சு வைக்கிறதோட என் வேலை முடிஞ்சுது."

"ஆறுல அழுக்கு இருந்துச்சா?"

எனக்குக் காது சுட்டது. "இல்லக்கா. துடைக்க ஒண்ணு குறைஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டேன்."

"நல்லா சந்தோஷப்பட்ட, போ. மாப்பிள்ளை திருட்டுத்தனமா வளைச்சிருந்தா, டாக்டர் வழக்கம்போல ஆறையும் எடுத்திருப்பாரு. ஏழு ஏன் தாண்டிப் போகுதுன்னு இங்க வந்து கத்தியிருப்பாரு. ரெண்டும் நடக்கல. ஏழு இப்போ ஆறோட வேலையைப் பாக்குதுன்னு அவருக்குத் தெரியும்."

உடை மாற்றும் அறையில் டாக்டர் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே மாப்பிள்ளை. அக்கா ஏழாம் நம்பரை டாக்டரின் மடியில் வைத்தார். கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் துடைத்தவன் என்ற வெட்கத்தோடுதான் கேட்டேன்.

"சார், நான் சொன்ன கணக்கு தப்பா?"

"காத்து அடிச்சிருக்கும்..."

"தப்பா சார்?"

டாக்டர் மட்டையின் கழுத்தைத் தடவினார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை; என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லப்பா. நீ சொன்னது சரி. மாப்பிள்ளை ஏழுல போற தூரத்துக்கு நான் ஆறு எடுக்க வேண்டியிருந்துச்சு. கேவலமா இருந்துச்சு, நான்தான் வளைச்சேன். மாப்பிள்ளை காதுபட நீ ஏழுன்னதும் மறுக்க முடியல; இறக்கிப் பிடிச்சா சமாளிச்சிடலாம்னு நினைச்சு, உன்னை மாட்டிவிட்டுட்டேன். வா, செயலாளர்கிட்ட நானே சொல்றேன்."