தென்னேரி அந்துப்பூச்சி

"ஐயோ...!"

காலை எட்டு மணி. புரொபசர் தனசேகரன் வீட்டிலிருந்து அலறல்! அடுத்த நிமிடமே அக்கம்பக்கத்தார் உள்ளே ஓடினார்கள்.

விலங்கியல் புரொபசர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். கவிழ்ந்த காபி டம்ளர். பக்கத்தில் பூச்சிகளைக் கொல்ல வைத்திருந்த சயனைடு புட்டி, மூடி திறந்து...

அலறியவள் மனைவி கமலவேணி. ஐயம்பேட்டையில் அக்கா வீட்டிலிருந்து அப்போதுதான் வந்ததாகச் சொன்னாள்.

"தற்கொலைதான் சார்," என்றார், வந்து பார்த்த ஏட்டு வீராசாமி. "ரெண்டு வருஷம் முன்னாடி இவரு பொண்ணு வடிவு தென்னேரி ஏரில மூழ்கிப்போச்சு. ஒம்பது வயசு! அதையே நினைச்சுக்கினு இருந்திருப்பாரு."

பாவம்! இன்ஸ்பெக்டர் ராஜகோபால் தலையாட்டினார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். மேஜைமேல் ஊசி குத்திய சின்னஞ்சிறு அந்துப்பூச்சி. கீழே, பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டு.

'கூரம், 12-11-69.'

'கூரம்' அடிக்கப்பட்டு, மேலே 'தென்னேரி'!

"இந்தத் திருத்தம் உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எழுதினேன்."

"இல்லம்மா. காபி சிந்தி 'கூரம்' கலைஞ்சிருக்குது. 'தென்னேரி' கலையல. காபி காய்ஞ்சப்புறம் எழுதினது... அவரு செத்தப்புறம்!"

கமலவேணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நேத்தே வந்துட்டேங்க. காபில நான்தான் கலந்தேன்."

"ஏம்மா?"

"வடிவு செத்த அன்னிக்குக் கூரத்துல இருந்தேன்னாரு. பொண்ணு தானா ஏரிக்குப் போச்சுன்னாரு. நம்பினேன். போன வாரம் அவரு நோட்டைப் படிச்சேன்... இந்தப் பூச்சியோட புழு தண்ணிக்குள்ள வளருது. இந்த இனமே தென்னேரி ஏரியை விட்டா வேற எங்கயும் இல்லியாம். அப்போ வடிவு செத்த அதே தேதில இதை எங்க புடிச்சாரு?"

இன்ஸ்பெக்டர் குனிந்து சீட்டிலிருந்த தேதியை மறுபடி பார்த்தார்.

"அவரையே கேட்டேன். பூச்சி பின்னாடி ஓடினேன், திரும்பினா பொண்ணு தண்ணில தத்தளிக்குதுன்னாரு. பயந்து வந்துட்டாராம்! கைல பூச்சியை மட்டும் பத்திரமா எடுத்துக்கினு..."

இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பெண் உண்டு.

"சீட்டைத் தொடாம இருந்திருந்தா, தற்கொலைன்னு போயிருப்போமேம்மா..."

"பதினாலு வருஷமா எல்லாச் சீட்டும் நான்தாங்க எழுதினேன். இது ஒண்ணுதான் அவரு எழுதினது. பொய்யா விட மனசு வரல."

ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "சார்... சம்பவ இடம்?"

கமலவேணி நிமிர்ந்தாள்.

"சரியா எழுதுங்க ஏட்டய்யா. மாத்தி எழுதினவரு அதோ கிடக்கிறாரு!"