தாத்தாவின் புது ஸ்வெட்டர்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே தாத்தா கிளம்பித் தயாராக நின்றார். உடம்பில் புத்தம் புதுச் சிவப்பு ஸ்வெட்டர்.

"எப்படி இருக்கு, ட்ரூடி? கடைக்கு நானே போய், நானே பார்த்து வாங்கினேன்" என்றார்.

"சூப்பரா இருக்கு தாத்தா!" என்றேன். பொய் இல்லை. கை மட்டும் கொஞ்சம் நீளம்.

என் தாத்தா ஹார்லன், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி ஊரில் தனியாக இருக்கிறார். பாட்டி போன வருஷம் இறந்துவிட்டார். வாரக் கடைசிக்கு அம்மா என்னை அவரிடம் அனுப்பியிருந்தாள். "தாத்தா உன்னைக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கக் கூட்டிட்டுப் போவாரு. நீயே பேச்சுக் குடு. அவரா பேச மாட்டாரு" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

காரில் தாத்தா பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. சிக்னலில், "மேல் விளக்கு எரியுது, நிக்கணும்" என்றார். பிறகு, "கீழ் விளக்கு எரியுது, போலாம்" என்றார். மேல், கீழ் என்று யாராவது சொல்வார்களா? வயதானவர்கள் பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மைதானம் நெருங்கியதும் அவரே வாயைத் திறந்தார். "முப்பத்திரண்டு வருஷமா எனக்கும் உன் பாட்டிக்கும் மைதானத்துல ஒரே ரெண்டு சீட்டு, வருஷா வருஷம் பணம் கட்டிப் பிடிச்சு வச்சது. போன வருஷம் நான் வரவே இல்ல. இன்னிக்கு எப்படி இருக்குன்னு பார்க்கப் போறேன். சரிப்படலைன்னா சீட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"அப்புறம் சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

தாத்தா யோசித்தார். "வீட்ல இருப்பேன்" என்றார்.

மற்ற ஆறு நாளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார். அங்கே பேசுவதற்கு ஒரு கடிகாரமும் ஒரு ஃபிரிட்ஜும்தான் உண்டு.

கார்கள் நிறுத்தும் புல்வெளி முழுக்க ஒரே பச்சை. பச்சைத் தொப்பி, பச்சைக் கூடாரம், பச்சைச் சட்டை போட்ட நாய். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் காலையிலேயே கார் பக்கத்தில் அடுப்பு மூட்டி சாசேஜ் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகையும் சிரிப்பும் மூக்கையும் காதையும் இழுத்தன.

"அதோ மேவிஸ், பக்கத்துல அவ புருஷன் ரஸ்" என்று தாத்தா காட்டினார். "எங்களுக்கு முன் வரிசைக்காரங்க. முப்பது வருஷப் பழக்கம்."

அவர் கையைத் தூக்கி ஆட்டினார். மேவிஸ் நிமிர்ந்து அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாசேஜைப் புரட்டினாள்.

தாத்தாவின் கை மெதுவாக இறங்கிக் கால்சட்டைப் பைக்குள் போனது.

"பேச்செல்லாம் உன் பாட்டிதான். நான் பக்கத்துல நின்னு தலையாட்டுவேன். அவ இல்லாம என்னை யாருக்குத் தெரியும்?" என்றார்.

தாத்தா இந்த ஒரு வருஷத்தில் முகம் நிறையத் தாடி வளர்த்திருந்தார். தொப்பி வேறு காதுவரை மூடியிருந்தது. அதனால்தான் அடையாளம் தெரியவில்லையோ என்று நினைத்தேன். அதற்குள் இரண்டு கல்லூரிப் பையன்கள் எங்களைக் கடந்து போனார்கள்.

"என்ன பெரியவரே, வழி தப்பி வந்துட்டீங்களா? உங்க கூட்டம் அந்தப் பக்கம்!" என்று ஒருவன் சிரித்தான்.

அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு பேருந்திலிருந்து தலை முதல் கால்வரை சிவப்பாக ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் அணிக்குப் பச்சை; இவர்கள் எதிரணி ஆட்கள்!

"என்ன உளர்றானுங்க?" என்றார் தாத்தா.

எனக்குச் சட்டென்று அந்த மேல் விளக்கும் கீழ் விளக்கும் ஞாபகம் வந்தன. "தாத்தா, உங்க ஸ்வெட்டர் என்ன கலர்?" என்று கேட்டேன்.

"பச்சைதான். பின்ன என்ன?"

எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று போலத்தான் தெரியும். ஆப்பிளுக்குப் பச்சையும் இலைக்குச் சிவப்பும் அடித்துவிட்டு முழிப்பான். தாத்தாவுக்கும் அதேதான்.

சொன்னால் இப்படியே காருக்குத் திரும்பிவிடுவார். சொல்லாவிட்டால் மூன்று மணி நேரம் இத்தனை பேர் நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார். எப்படியும் சீட்டு போய்விடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் தாத்தாவின் தோளில் தொங்கிய பாட்டியின் பை கண்ணில் பட்டது. அதிலிருந்து ஒரு போர்வை எட்டிப் பார்த்தது. நல்ல பச்சை, மஞ்சள் எழுத்து.

"தாத்தா, எனக்குக் குளிருது. உங்க ஸ்வெட்டரைக் குடுங்க. நீங்க பாட்டி போர்வையைப் போத்திக்குங்க."

"போர்வையையே நீ போத்திக்கலாமே?"

இந்தத் தாத்தாவுக்குக் கேள்வி கேட்க மட்டும் தெரிகிறது! "நான் ஒரு இடத்துல உக்காரமாட்டேன். போர்வை கீழ விழுந்து அழுக்காயிடும்" என்றேன்.

தாத்தா போர்வையை மெதுவாக வெளியே எடுத்தார். பாட்டிக்குப் பிறகு அதை யாரும் பிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றித் தந்துவிட்டு, போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டார். எனக்கு ஸ்வெட்டர் முட்டிவரை வந்தது.

எங்கள் வரிசையில் போய் உட்கார்ந்தோம். முன்னாலிருந்த மேவிஸ் திரும்பினாள். முதலில் போர்வையைத்தான் பார்த்தாள். பிறகு முகத்தை.

"ஹார்லன்! அட மனுஷா, நீயா? தாடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா எப்படித் தெரியும்? போன வருஷம் பூரா உன் ரெண்டு சீட்டையும் காவல் காத்தோமய்யா! ஒருத்தரையும் உக்கார விடல!"

ரஸ் தாத்தாவின் கையில் ஒரு சாசேஜ் ரொட்டியைத் திணித்தார்.

"அது சரி, பக்கத்துல இது என்ன சிவப்புப் பிசாசு?" என்றாள் மேவிஸ்.

"என் பேத்தி ட்ரூடி" என்ற தாத்தா, சட்டென்று நிறுத்தினார். "சிவப்பா?"

"எனக்குச் சிவப்புதான் பிடிக்கும்!" என்று கத்தினேன். வரிசை மொத்தமும் "ஊஊஊ!" என்று ஊளையிட்டது. நான் எழுந்து குனிந்து வணக்கம் வைத்தேன்.

தாத்தா ஸ்வெட்டரின் நீளக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போர்வையின் ஒரு பாதியை எடுத்து என்னைச் சுற்றி மூடினார்.

நாங்கள் தோற்றோம். எத்தனைக்கு எத்தனை என்று யாரும் கேட்க வேண்டாம்.

"எல்லாம் அந்த ஸ்வெட்டரோட ராசி!" என்றாள் மேவிஸ். "அடுத்த ஆட்டத்துக்குச் சீக்கிரம் வா ஹார்லன். நம்ம கூடாரத்துலதான் சாப்பாடு."

வீட்டுக்கு வந்ததும் தாத்தா தன் ஸ்வெட்டர்களையெல்லாம் கட்டிலில் பரப்பினார்.

"ஆட்டத்தன்னிக்கு உன் பாட்டி ஒண்ணை எடுத்து நாற்காலியில போட்டு வச்சிடுவா. நானும் எதுன்னு கேட்டதில்ல. நாளைக்கு நீயும் போயிடுவே. இதுல எது பச்சைன்னு சொல்லு கண்ணு."

பச்சை மூன்று இருந்தது. மூன்றின் இடது கை உள்பக்கத்திலும் தடித்த நூலால் ஒரு முடிச்சுப் போட்டேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"முடிச்சு இருந்தா பச்சை" என்றேன்.

"முடிச்சு இருந்தா பச்சை" என்று திருப்பிச் சொன்னார்.

மறுநாள் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தேன். தாத்தா மட்டும் தனியாக நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு ஸ்வெட்டரை எனக்கே கொடுத்துவிட்டார். அதன் நீளக் கையில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"ட்ரூடி, முடிச்சு இருக்கு" என்றார் தாத்தா. "கிளம்பறேன். லேட்டாப் போனா மேவிஸ் திட்டுவா."

நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் போனை வைத்துவிட்டார். அவ்வளவு அவசரம்!