மூன்றாவது இலக்கின் நிறுத்தம்

டீ குடித்த பீங்கான் கோப்பை வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தது. காலையில் அது கனமாகத்தான் இருந்தது, அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடுமுறை நாள், ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. அணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் இயந்திரம் மட்டும், யாரோ அரிசி களைகிற மாதிரி, மூலையில் ஓயாமல் சரசரத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் நின்றால் இந்த இடமும் தன் வீடு மாதிரி ஆகிவிடும் என்று அவள் அதை அணைப்பதே இல்லை.

பத்தாண்டு ஆராய்ச்சி இலக்குகளின் பட்டியலை இன்றே எழுதி முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஆறு மணிக்கு மகள் வருகிறாள். மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள், நேற்று தானே போன் பண்ணி, இனிமேல் என் கூடவே வந்து இருந்துவிடு என்றிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு இலக்குக்குக் கீழேயும், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதியதைப் படித்து இயந்திரம் தானாகவே வெள்ளோட்டம் பார்க்கும். மூன்றாவது இலக்கை மறுபடி படித்தாள். எதிரே இருப்பதை, அருகில் கிடைக்கும் பொருளைக் கொண்டே, அப்படியே இன்னொன்றாகக் கட்டுவது.

அதன் கீழே வெறும் வெள்ளை. நேற்று போன் வந்த நேரத்தில் விட்டுப்போன வரி. பெரிய மூளைக்காரி என்று பெயர் வேறு.

தட்டச்சு செய்யக் கை நீட்டினாள். இடது கையில் விரல்கள் பாதிதான் இருந்தன. ரத்தம் இல்லை. வலியும் இல்லை. சூடான இஸ்திரிப் பெட்டியின் வாடை.

இயந்திரத்தை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். இவள் விடும்போதெல்லாம்.

எழப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"அம்மா, கிளம்பலாமா?" வாசலில் மகள்.

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இதோ வந்துட்டேன்டி." அலமாரிக்குப் பின்னாலிருந்து. இவளுடைய குரல். இவளுடைய நடை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மகள் அந்தத் தோளில் முகம் புதைத்து அழுதாள். அந்தக் கை அவள் தலையை ஆசையாகத் தடவிக்கொடுத்தது. தடவத் தடவ, மகளின் கூந்தல் குறைந்துகொண்டே வந்தது.