எங்கேயும் போகாதவர்கள்

ஊருக்கு வெளியே ரயில் நிலையம் கட்டியாகிவிட்டது. ஆனால் பயணிகள் ரயில் அங்கே நிற்குமா என்பது முடிவாகவில்லை. அப்போதுதான் தொப்பி போட்ட ஒருவர் வந்து தெருத் தெருவாக விசாரித்தார்.

"அடிக்கடி எங்கே போவீங்க? எதுல போவீங்க?"

ஊரே உஷாராகிவிட்டது.

"நாங்க எங்கயும் போறதில்லைங்க" என்றார் முடிதிருத்துபவர், கத்தரியை நிறுத்தாமலே.

"வாசலைத் தாண்டினாலே எனக்குத் தலை சுத்தும்" என்றார் தையல்கார அக்கா.

எல்லாம் சிறுமி சில்லுவின் அப்பா செய்த ஏற்பாடு. அவர் வேன் ஓட்டுபவர். "யாரும் வாயைத் திறக்காதீங்க. இன்னைக்குப் பேரைக் கேப்பான், நாளைக்கு நிலத்தைக் கேப்பான்" என்று சொல்லி வைத்திருந்தார்.

சில்லுவுக்கும் சந்தேகம்தான். பள்ளி விட்டதும் அந்த ஆளைப் பின்தொடர்ந்தாள். அவர் காலி நடைமேடையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கால் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "எங்க நிலத்தைப் பிடுங்க வந்தீங்களா?"

"நிலமா? இங்கே ரயில் நிக்கணுமான்னு பார்க்க வந்தேம்மா. யாருமே எங்கயும் போறதில்லையாம். அப்ப நிக்க வேண்டாம்னுதான் சொல்லணும்."

"நெஜமாவா?"

"பொய் சொல்றவன் கொப்புளம் வர்ற வரைக்கும் நடப்பானா?"

நிறைமாதக் கர்ப்பிணியான அத்தை, போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வேனில் நின்றுகொண்டே போனது சில்லுவுக்கு நினைவு வந்தது.

"நாளைக்குக் காலையில எங்கப்பா வேன் கிளம்புற இடத்துக்கு வாங்க."

மறுநாள் வேன் பிதுங்கியது. முடிதிருத்துபவர் படியில் தொங்கினார். தையல்கார அக்கா துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"சார், எங்கயும் போகாதவங்க இவங்கதான்" என்றாள் சில்லு.



"சும்மா... காத்து வாங்கலாம்னு ஏறினேன்" என்று இழுத்தார் முடிதிருத்துபவர்.

அப்பாவின் முகம் சிவந்தது. "என் பிழைப்புல மண்ணைப் போடவா இவரைக் கூட்டிட்டு வந்தே?"

"ரயில் வீட்டு வாசலுக்கா வரும்பா? ஸ்டேஷனுக்கு எல்லாரையும் நீதானே கூட்டிட்டுப் போகணும்? அத்தை மாதிரி யாரும் நின்னுட்டே போக வேண்டாம்ல?"

அப்பா தலையைச் சொறிந்தார். தொப்பிக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "நெஜமாவே நிலம் கேக்க மாட்டீங்களே?"

"உட்கார ஒரு இடம் கிடைச்சாப் போதும்."

வேனே சிரித்தது. அப்பா தன் பக்கத்து இருக்கையைத் துடைத்துவிட்டார்.

சில மாதங்களில் ரயில் வந்து நின்றது. அன்று அப்பா எல்லோரையும் நிலையத்தில் இறக்கிவிட்டு, தானும் ஏறி, அடுத்த ஊர் வரை போய்த் திரும்பினார்.

"எப்படி ஓட்டுறாங்கன்னு பார்க்கத்தான் போனேன்" என்றார் சில்லுவிடம். "பரவாயில்லை. நல்லாத்தான் ஓட்டுறாங்க."