கயிற்றை அவிழ்த்தவன்

நான் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். மணிக்கட்டுப் பட்டையில் அந்த எண் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் நாளெல்லாம் உப்புக்கசடு வழித்தாலும் வட்டிக்குத்தான் சரியாகும். முதல் குறைய வேண்டுமென்றால் சாயங்காலம் கருத்துக்கூடத்துக்குப் போய்க் கதை படிக்க வேண்டும்.

பேய்க்கதை, கொலைக்கதை, காதல்கதை எல்லாம் கதைப்பொறி எழுதுவது. பட்டணத்தில் விற்பதற்கு முன்னால் எங்களிடம் தரும். படித்துவிட்டு மனசில் பட்டதைச் சொல்ல வேண்டும். பட்டை நாடியைப் பார்க்கும். பச்சையானால் உண்மை, கூலி உண்டு. சிவந்தால் பொய், ஒன்றும் கிடையாது. இதற்காகத்தான் நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகினேன்.

கூடத்தில் என் கூட்டாளி சந்தியாகு வாயைத் திறந்தால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வோம். போன வாரம் ஒரு பேய்க்கதையை முடித்துவிட்டு என்னிடம், "ஏ பொன்னுலிங்கம், இந்தப் பேயி நம்ம சூப்பர்வைசர் மாதிரில்லா இருக்கு. தூர நின்னு சத்தம் போடுது, கிட்ட வரமாட்டேங்கு" என்றான். சூப்பர்வைசர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பட்டை நல்ல பச்சை.

செவ்வாய்க்கிழமை பகல் ஷிப்டில் நாலாம் தொட்டிக்குள் சந்தியாகு செத்துப்போனான். விஷவாயு. எச்சரிக்கை மணி ஒரு மாதமாக அடிக்கவில்லை, ஆலைக்கே தெரியும். இறங்குவதற்கு முன் இடுப்பில் கயிற்றைக் கட்டி இரண்டு முடிச்சுப் போட்டான். "இழுத்துப் பாருல" என்றான். இழுத்துப் பார்த்தேன். அடுத்த தொட்டிக்குப் போனேன். சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் கம்பெனி ஆட்கள் அவனை வெளியே கிடத்திவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கூடத்தில் எனக்கு மட்டும் ஒரு கதை வந்தது. குடித்துவிட்டு வேலைக்கு வந்த ஒருவன் தொட்டியில் தவறி விழுகிறான். பெயர்தான் வேறு.

ஆலையில் சாவு விழுந்தால் வழக்கம் இதுதான். காரணத்தைக் கம்பெனி கதையாக எழுதித் தரும். கடைசியாகக் கூட நின்றவன் படித்து, பட்டைச் சாட்சியோடு நம்பிவிட்டால் அதுவே தீர்ப்பு. வாய் திறக்காவிட்டால் சம்மதம். நம்பவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

வாசலில் சந்தியாகு பெண்டாட்டி பிரகாசி நின்றாள். "அண்ணாச்சி, அவரு தப்புன்னு ஆயிட்டா பாக்கி பூரா என் தலையில விழும். பிள்ளையையும் தொட்டியில எறக்கிருவாங்க. நீங்க நம்பலைன்னு சொல்லிருங்க, போதும்."

"செத்தாலும் நம்ப மாட்டேன் தாயி."

உள்ளே போய்ச் சொன்னேன்: "அவன் குடிக்க மாட்டான். மக கோயில்ல மொத தடவ புதுநன்மை வாங்குன அன்னைக்கு விட்டவன், அப்புறம் தொட்டதே இல்ல." பச்சை.

"நன்றி. மிகவும் பயனுள்ள கருத்து" என்றது பொறி.

மறுநாள் இரண்டாவது வடிவம் வந்தது. குடி போய்விட்டது. மகள் வந்துவிட்டாள். அவளுக்குக் காய்ச்சல். அந்தக் கவலையில் கயிறு கட்ட மறந்து இறங்குகிறான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மறக்க மாட்டான்! ரெண்டு முடிச்சுப் போடுவான். இழுத்துப் பாருன்னுவான். நான்தான் இழுத்துப் பாத்தேன்!" பச்சை.

"நன்றி" என்றது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பொய்யை இடிக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வடிவத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இரண்டு முடிச்சு இருந்தது. இழுத்துப் பார்த்த நண்பன் இருந்தான். சூப்பர்வைசரைப் பேய் என்று சொன்ன பகடிகூட இருந்தது. உள்ளே, மூலையில் கொஞ்சம் கசடு பாக்கி. கயிறு அதுவரை எட்டவில்லை. மேலே ஏறி வேறு கயிறு மாட்டினால் நேரமாகும், காய்ச்சலில் மகள் காத்திருக்கிறாள். நண்பன் திட்டுவானே என்று தனக்குள் சிரித்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்கிறான். ஒன்று. அப்புறம் இன்னொன்று.

காகிதம் நனைந்துபோயிற்று. அது அவனேதான். அடிக்காத எச்சரிக்கை மணியைப் பற்றிக் கதையில் ஒரு வரி இல்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

"நம்புகிறீர்களா?" என்றது பொறி.

"இல்ல."

பட்டை சிவந்தது.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னேன். கத்திச் சொன்னேன். சிவப்பு மாறவில்லை.

"தீர்ப்பு பதிவாயிற்று. கதையைச் செம்மைப்படுத்தியதற்கு உங்களுக்குச் சிறப்புச் சலுகை உண்டு."

வெளியே பிரகாசி எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் அவள் கையில் புதுப் பட்டை மாட்டியிருந்தார்கள். அதில் சந்தியாகுவின் பாக்கி எரிந்தது.

"அவரு கயித்த அவுப்பாரா அண்ணாச்சி? நீங்கதான பக்கத்துல நின்னீங்க?"

முடிச்சை இழுத்துப் பார்த்த நேரத்தை நினைத்துப் பார்த்தேன். அது வரவில்லை. தொட்டி மூலையில் அவன் சிரித்துக்கொண்டு கயிற்றை அவிழ்ப்பதுதான் வந்தது.

என் பட்டை தானாகக் கழன்று மண்ணில் விழுந்தது. பாக்கி, பூஜ்ஜியம்.