அடீலியாவின் கல்லறையில் நின்றவள்

அந்த அக்டோபரில் கார்வர்ஸ் ஃபெரி ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாது. ஆனாலும் அடீலியாவின் கல்லறையைச் சுற்றி மட்டும் புல் நனைந்து கிடந்தது. ஆற்றுச் சேற்று வாடை வேறு. வெர்னா கவனித்தாள், அதோடு சரி. புருஷனைப் புதைத்ததிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை. மிச்சமிருந்தது ஆறு வயது ஓடிஸ் ஒருவன்தான். அவனுக்குச் சமைப்பாள், தலை வாருவாள், அவன் சிரித்தால் தானும் சிரித்து வைப்பாள். உள்ளே ஒன்றும் அசையாது.

வருஷா வருஷம் இலை உதிரும் காலத்தில் ஊர்க்காரர்கள் செத்துப்போனவர்களின் வேஷம் கட்டி, அந்தந்தக் கல்லறையோரம் நின்று, 'நான்' என்றே அவர்கள் கதையைச் சொல்வார்கள். முடித்ததும் தன் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து நகர வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் மறந்ததுமில்லை.

இந்த வருஷம் வெர்னாவுக்கு அடீலியா வேஷம். அந்தக் காலத்துப் பெருவெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்தவள் அடீலியா. பையன் கை நழுவிப் போய்விட்டான் என்பார்கள்.

மேப்பிள் மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருக்க, சருகு வாசமும் தேவாலயத்தில் காய்ச்சிய ஆப்பிள் சாற்றின் வாசமும் கலந்து வர, கூட்டம் சுற்றி நிற்க, வெர்னா வாயைத் திறந்தாள்.

"கை நழுவலை. நான்தான் விட்டேன். புடிச்சுக்க ஒரு கிளை கிடைச்சுது, அதுக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துது. விட்டதும் உடம்பு லேசாச்சு."

கூட்டம் கை தட்டியது. சரித்திரச் சங்கத்துத் தலைவர் ஹார்லன் கிட்டே வந்தார்.

"ஏம்மா, நாம எழுதினதுல இது இல்லையே! எங்கேருந்து புடிச்சே?"

"தெரியலை, ஹார்லன்."

"அசத்திட்டே போ! சரி, பேரைச் சொல்லிட்டுச் சீக்கிரம் வா. லேட்டா வந்தா ஆப்பிள் சாறு மிஞ்சாது, ஆமா."

எல்லோரும் போய்விட்டார்கள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தப் பெயரை ஆசையாகக் கூப்பிட்டவனே மண்ணுக்குள் இருக்கிறான். வெர்னா சொல்லவில்லை. சும்மா காலை எடுத்து வைத்தாள்.

கால் வரவில்லை.

மறுபடி. வரவில்லை. ஈரம் கணுக்காலில் ஏறியது. பெயரைச் சொல்லப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை.

எதிரே ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. வெர்னாவின் பாவாடை. அவள் கொண்டை. அவள் நடை.

தேவாலயத்திலிருந்து ஓடிஸ் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தான்.

"அம்மா, கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

"பாலத்துப் பக்கம் போலாமா, கண்ணு?" வெர்னாவின் குரலேதான்.

"இருட்டுதேம்மா."

"நான் இருக்கேன்ல."

ஐயோ! இத்தனை மாதத்துக்குப் பிறகு நெஞ்சு முழுக்கப் பயம் வந்தது. ஓடிஸ்! ஓடிஸ்! கத்தினாள். சத்தமே இல்லை.

கல்லறை மேட்டிலிருந்து பாலம் நன்றாகத் தெரிந்தது. வெர்னாவின் உருவில் இருந்தவள் பையனைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்தாள், முகம் ஆற்றைப் பார்க்க. அவன் சந்தோஷமாகக் காலாட்டினான். அவள் மேட்டுப் பக்கம் திரும்பினாள். வெர்னாவைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.